ஓடுற வண்டிய எதுக்குத் தொடணும்? – டூர் ஆபீஸ்காரங்க கேட்ட கேள்விகள்

போன இதழ்ல ஒரு பதில்ல, பழைய கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு ரொம்ப அவஸ்தைப்படுறது டூர் நடத்துற சின்ன ஆபீஸ்காரங்கதான்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்ளோ லெட்டர். நானும் ஒரு காலத்துல டிராவல்ஸ் கவுன்டர்ல ஆறு வருஷம் உக்காந்தவன், அதனால இந்தத் தடவ பக்கம் முழுக்க அதுக்கே. பேர் போடாதீங்கன்னு நெறைய பேர் கேட்டிருந்தாங்க, சரி யாருக்குமே வேண்டாம்னு ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (கும்பகோணத்துலேருந்து ஒரு வாசகி): அண்ணே, நானும் என் வீட்டுக்காரரும் 14 வருஷமா நவகிரக டூர் நடத்துறோம். சொந்தமா ரெண்டு டெம்போ டிராவலர், நாலு கார், கூட்டம் வந்தா வெளில வண்டி எடுப்போம். ஆபீஸ்ல எங்களையும் சேத்து நாலு பேரு, ரெண்டு கம்ப்யூட்டர், விண்டோஸ் 7, மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2007. எல்லாத்தையும் மாத்துங்கன்னு பையன் சொல்றான், ஓடுற வண்டிய எதுக்குத் தொடணும்னு இவரு சொல்றாரு. மாத்துனா எங்களுக்கு உண்மையிலேயே என்ன லாபம்? புதுசுன்னா நல்லதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

பதில்: சொல்லல தங்கச்சி. உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரி. லெட்டர் அடிக்க, பில் பிரின்ட் எடுக்க 2007 தாராளமா போதும்.

ஆனா ஒரு டெஸ்ட் வச்சுப் பாருங்க. காலைல பத்தேகால், ரெண்டு போனும் அடிக்குது, ஒரு பார்ட்டி "வர்ற 17ஆம் தேதி 12 பேருக்கு வண்டி இருக்கா"ன்னு கேக்குறாங்க. நாலு பேர்ல யார் எடுத்தாலும் போன வைக்காமலே பதில் சொல்ல முடியுமா? "ஒரு பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன் சார்"னு சொல்றீங்கன்னா அந்தப் பார்ட்டி அந்தப் பத்து நிமிஷத்துல அடுத்த டிராவல்ஸுக்கு போன் போட்டிருப்பாங்க, நான் கவுன்டர்ல இருந்தப்ப இதுலயே பாதி புக்கிங் போச்சு.

பத்து நிமிஷம் எதுக்கு ஆகுதுன்னா, புக்கிங் ஷீட் ஒரு கம்ப்யூட்டர்ல திறந்திருக்கும், இன்னொருத்தர் திறந்தா இது வேற ஆள்கிட்ட இருக்கு, நீங்க பாக்க மட்டும்தான் முடியும்னு ஒரு பெட்டி வரும், அவசரத்துல அவங்க ஒரு காப்பி போட்டு வச்சுக்குவாங்க. இப்ப உங்க டெஸ்க்டாப்ப ஒரு பார்வ பாருங்க. "புக்கிங் பைனல்", "புக்கிங் பைனல் 2", "புக்கிங் புதுசு பைனல்", "அண்ணன் பாத்தது"... இருக்கா? இருக்கும். இல்லாத ஆபீஸ நான் பாத்ததே இல்ல.

நாங்க அடிபட்டதும் அதுலதான். குருப்பெயர்ச்சி நேரம், ஒரே டெம்போ டிராவலர ரெண்டு பார்ட்டிக்குக் குடுத்துட்டோம். ரெண்டு பைனல், ரெண்டுலயும் அந்தத் தேதி காலியா இருந்துச்சு. விடியக்காலைல அஞ்சரை மணிக்கு ஆபீஸ் வாசல்ல ரெண்டு குடும்பமும் பையத் தூக்கிட்டு நிக்குது, ஒரு பாட்டிம்மா ஏற்கனவே முன் சீட்டுல ஏறி உக்காந்து தேங்காப் பையை மடில வச்சுக்கிட்டாங்க, எறங்கவே மாட்டேன்னுட்டாங்க. பாவம் அவங்க மேல என்ன தப்பு. கடைசில ரெண்டு மடங்கு வாடகைக்கு வெளில வண்டி பிடிச்சோம், அந்த மாச லாபம் அதோட போச்சு.

புது சாப்ட்வேர்ல உங்களுக்குக் கிடைக்கிற லாபம்னு ஒண்ணே ஒண்ண சொல்லச் சொன்னா இதத்தான் சொல்வேன்: ஆபீஸுக்கு ஒரே ஒரு புக்கிங் ஷீட், நாலு பேரும் ஒரே நேரத்துல அதுலயே எழுதலாம். மாசக் கட்டணத்துல வர்ற மைக்ரோசாப்ட் 365ஓ, இலவசமா கிடைக்கிற கூகுள் ஷீட்ஸோ எதுவா இருந்தாலும் சரி. நீங்க கும்பகோணத்துல 17ஆம் தேதிக் கட்டத்துல பேரு அடிச்சா திருநள்ளாறுல பார்ட்டியோட நிக்கிற உங்க வீட்டுக்காரர் போன்ல அது அப்பவே தெரியும். யாராவது தப்பா அழிச்சுட்டா எந்தக் கணக்குலேருந்து எத்தன மணிக்கு மாத்தினதுன்னு பழைய பதிவ எடுத்துப் பாக்கலாம், "நான் தொடவே இல்ல"ங்கிற சண்டை நின்னுரும்.

அப்புறம் உங்க தொழிலுக்குன்னே ஒண்ணு. ஒரே நாள்ல ஒம்போது கோவில்ங்கறது நேரத்தோட விளையாடுறது, மத்தியானம் நடை சாத்தினா நாலு மணி வரைக்கும் பார்ட்டி வண்டிலயே உக்காரணும், அதனாலதான் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி திருவையாறு பக்கம் திங்களூர்ல ஆரம்பிக்கிறீங்க. இந்த வரிசைய ஒவ்வொரு பார்ட்டிக்கும் பழைய லெட்டர எடுத்து பேர மாத்தி அனுப்புவீங்க, அதுல போன பார்ட்டியோட தேதி ஒரு எடத்துல அப்படியே மாட்டிக்கிட்டு இருக்கும் (நான் அனுப்பியிருக்கேன்). மெயில் மெர்ஜ்னு ஒரு வசதி 2007லயே இருக்கு, யாரும் தொட்டிருக்க மாட்டீங்க. ஷீட்டுல இருக்கிற பேரு, தேதி, வண்டி நம்பர் தானா லெட்டர்ல வந்து உக்காரும். புதுசா செய்யும்போது அந்த லெட்டர்ல ஒவ்வொரு கோவிலுக்கும் மேப் லிங்க்கும் சேருங்க, முக்கியமா ஆலங்குடிக்கு. குரு ஸ்தலம் ஆலங்குடி உங்க பக்கம் திருவாரூர் மாவட்டத்துல, புதுக்கோட்டை மாவட்டத்துலயும் ஒரு ஆலங்குடி இருக்கு. சொந்தக் கார்ல வந்து சேந்துக்கறோம்னு சொல்ற பார்ட்டி எந்த ஆலங்குடிக்குப் போய் நிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்.

கொட்டேஷனுக்கும் இதேதான். கிலோமீட்டர் ரேட், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், திருநள்ளாறு புதுச்சேரில வர்றதால பெர்மிட் செலவு ஏதாவது இருந்தா அது, ரூம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம் வச்சுட்டா டீசல் ஏறுனா ஒரே ஒரு நம்பர மாத்தினா போதும், எல்லா கொட்டேஷனும் மாறிடும். கால்குலேட்டர்ல தட்டி பேட்டாவ மறந்துட்டு அப்புறம் பார்ட்டிகிட்ட அசடு வழியறது இருக்காது.

இப்ப உங்க வீட்டுக்காரருக்கு. ஆபீஸ் 2007க்கு 2017 அக்டோபர் 10ஓட, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட கம்பெனி கைய விரிச்சாச்சு. அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச பாதுகாப்பு ஓட்டை எதையும் உங்க மெஷின்ல யாரும் அடைக்கல. விண்டோஸ் 7ல குரோம் பிரவுசரும் 2023ல 109ஆம் பதிப்போட நின்னுபோச்சு, பேங்க் சைட்டும் ஜிஎஸ்டி சைட்டும் இன்னைக்குத் திறக்குது, நாளைக்குத் திறக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல. வண்டி ஓடுது சரிண்ணே, எப்சி முடிஞ்ச வண்டில பார்ட்டிய ஏத்துவீங்களா?

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. அவ்ளோ பழைய மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாது, இன்டெல்னா எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும், டிபிஎம் 2.0ங்கிற சிப் இருக்கணும். கடைல விண்டோஸ் 10 போட்டுத் தர்றேன்பாங்க, அதுக்கும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு, ஆபீஸ் 2016, 2019 ரெண்டுக்கும் அதே தேதிதான். ஒரு தடவ காசு குடுத்து வாங்குற ஆபீஸ் வேணும்னா 2024 எடுத்தா 2029 அக்டோபர் வரைக்கும் கவல இல்ல, ஆனா நாலு பேரும் ஒண்ணா எழுதணும்ங்கிறதுதான் உங்க தேவை, அதுக்கு மாசக் கட்டணத்துல வர்றதோ கூகுளோ பாருங்க.

சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சிக்கு முந்தின மாசம் எதையும் தொடாதீங்க. மந்தமா இருக்கிற மாசமா பாத்து, ரெண்டு வாரம் பழைய ஷீட்டும் புதுசும் சேத்து ஓட்டுங்க, அப்புறம் பழசப் பூட்டி வைங்க. 2028ல மகாமகம் வருது, 2016ல குளத்தச் சுத்தி எவ்ளோ கூட்டம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. அதுக்குள்ள இது கைக்குப் பழகியிருக்கணும்.

கேள்வி (ராமேஸ்வரத்துலேருந்து ஒரு வாசகர்): எங்க ஊர் கடைக்காரர் 500 ரூபாய்க்கு எல்லா புது சாப்ட்வேரும் போட்டுத் தர்றேங்கிறாரு. எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க. எங்க சின்ன லாட்ஜ், டூர் ஆபீஸ யார் வந்து செக் பண்ணப் போறாங்க?

பதில்: யாரும் வர மாட்டாங்க சார், அது உண்மைதான். ஆனா அந்தக் கிராக் (காசு குடுக்காம சாப்ட்வேர் பூட்ட ஒடைக்கிற திருட்டு வழி) போடும்போது அவரு மொதல்ல என்ன பண்றாருன்னு பக்கத்துல நின்னு பாருங்க, ஆன்ட்டிவைரஸ ஆஃப் பண்ணுவாரு. வீட்டுப் பூட்டக் கழட்டி வச்சுட்டு உள்ள பெயின்ட் அடிச்ச மாதிரி.

2017 மே மாசம் வானாக்ரைன்னு ஒரு வைரஸ் உலகம் பூரா சுத்துச்சு ஞாபகம் இருக்கா, கம்ப்யூட்டர்ல இருக்கிற பைல் எல்லாத்தையும் பூட்டிட்டு 300 டாலர் குடுன்னு திரைல எழுதிக் காட்டுச்சு. அது உள்ள பூந்த ஓட்டைய அடைக்கிற அப்டேட் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச்லயே வந்திருச்சு. அத ஒழுங்கா ஏத்தின மெஷின் தப்பிச்சுது. கிராக் போட்டவங்க அப்டேட் வந்தா மாட்டிக்குவோம்னு அதையும் நிறுத்தி வச்சிருப்பாங்க, அதான் வம்பே.

உங்க கம்ப்யூட்டர்ல பைல் மட்டுமா இருக்கு, ரூம் எடுத்த ஒவ்வொருத்தரோட ஆதார் காப்பியும் அதே டெஸ்க்டாப்ல கெடக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துச்சு, அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்தாச்சு, இனிமே அந்தக் காப்பியெல்லாம் உங்க பொறுப்பு. ஆதார் குடுக்கிறவங்ககிட்ட கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் கேளுங்க, வேல முடிஞ்ச காப்பிய அழிங்க, வாட்ஸ்அப்லயும் சேத்து. காசு இல்லன்னா கீழ ஊட்டிக்காரருக்கு எழுதினதப் படிங்க. காசு குடுத்து வாங்குறதா இருந்தா "ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்"னு பேர் போட்டத வாங்கிராதீங்க, அது தொழிலுக்குப் பயன்படுத்துறதுக்கு இல்ல.

கேள்வி (காரைக்குடிலேருந்து ஒரு வாசகி): செட்டிநாட்டு வீடுகளச் சுத்திக் காட்டுற சின்ன ஆபீஸ் எங்களது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிட்டோம், ஆனா 15 வருஷமா தமிழ்ல அடிச்சு வச்ச டூர் நோட்டீஸ், வீட்டு வரலாறு, சமையல் வகுப்புக் குறிப்பு எதத் திறந்தாலும் ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமா கொட்டுது. பைல் கெட்டுப்போச்சா?

பதில்: கெடலம்மா, பயப்படாதீங்க. இத பத்தித்தான் எனக்கு நெறைய பேச ஆசை.

அந்தக் காலத்துல தமிழ் எழுத்துக்குன்னு கம்ப்யூட்டர்ல தனி எடம் கெடையாது, அதனால ஆங்கில எழுத்து மேல தமிழ் முகமூடிய மாட்டி வச்சாங்க. பாமினி, வானவில்னு ஒவ்வொருத்தரும் ஒரு முகமூடி. உங்க பைலுக்குள்ள எப்பவுமே இருந்தது ஆங்கில எழுத்துதான், புது மெஷின்ல முகமூடி இல்ல, அதான் மூஞ்சி தெரியுது. பழைய மெஷின்லேருந்து அந்த ஃபான்ட்ட, அதாவது முகமூடின்னு சொன்ன எழுத்துருவ எடுத்துப் போட்டா இப்பவே தமிழாத் தெரியும், ஆனா அங்கயே நின்னுராதீங்க, ஏன்னா அந்தத் தமிழ வாட்ஸ்அப்ல ஒட்ட முடியாது, தேட முடியாது, பார்ட்டியோட போன்ல மறுபடியும் கமாவும் அரைப்புள்ளியும்தான். 1999லயே அரசாங்கம் டாம், டாப்னு ஒரு பொது முறை கொண்டு வந்துச்சு, அப்புறம் 2010 கோவை செம்மொழி மாநாட்டப்போ, தமிழ் எழுத்துக்குன்னு தனி எடம் இருக்கிற யூனிகோட்னு முடிவாச்சு. நீங்க போன்ல அடிக்கிற தமிழ் யூனிகோட்தான்.

என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவசமாவே மாத்திக் குடுக்கிறது இருக்கு. ஒரே அடியா 200 பக்கத்தையும் உள்ள போடாதீங்க. நடுவுல நெஜமாவே ஆங்கிலத்துல அடிச்ச மெயில் முகவரி, ஓட்டல் பேரு எல்லாம் தமிழ்னு நெனச்சு அதையும் கொதறி வைக்கும், அத மட்டும் பழசுலேருந்து திரும்ப எடுத்து ஒட்டணும். அசல் பைல ஒரு காப்பி தனியா வச்சுட்டு ஆரம்பிங்க.

மாத்தினதும் ஒரு ஆள் உக்காந்து படிச்சே ஆகணும், அதுவும் தமிழ் தெரிஞ்ச ஆள். அந்தக் காலத்துல அவசரமா அடிச்சவங்க துணைக்காலுக்குப் பதிலா "ர" எழுத்தப் போட்டுட்டுப் போயிருவாங்க, பழைய பிரின்ட்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க. யூனிகோட்டுக்கு வந்ததும்தான் குட்டு வெளிப்படும். உங்க கானாடுகாத்தான் "கரனரடுகரத்தரன்"னு வந்து நிக்கும். நான் ஒரு தடவ மாத்தும்போது ராகு ஸ்தலம் திருநாகேஸ்வரம் "திருநரகேஸ்வரம்"னு வந்திருந்துச்சு, நல்லவேள பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பையன் பாத்துச் சிரிச்சான், இல்லன்னா கோவிலுக்குப் போற பார்ட்டிய நரகத்துக்கு அனுப்பியிருப்போம். இது கன்வர்ட்டர் தப்பில்ல, 15 வருஷமா உள்ளயே இருந்த தப்பு. அதே மாதிரி கொ, கோ, கௌ வர்ற எடமும் சிலசமயம் துண்டு துண்டா நிக்கும், ஸ்ரீயும் படுத்தும்.

இவ்ளோ பாடு எதுக்குன்னா, முடிஞ்சதும் "ஆத்தங்குடி"ன்னு தேடினா 15 வருஷத்துல நீங்க ஆத்தங்குடிக் கல் பத்தி எழுதின ஒவ்வொரு வரியும் வந்து நிக்கும். கல்கத்தாலேருந்து வர்ற குரூப்புக்கு அந்தப் பத்திய அப்படியே எடுத்து மொழிபெயர்ப்புல போட்டு ஒரு பார்வ பாத்து அனுப்பலாம். புது கைட் பொண்ணு சேந்தா போன்லயே படிச்சுக்கிட்டு வீட்டு முகப்புல நின்னு சொல்லலாம். டைப் அடிக்கத் தெரிஞ்ச ஆள் லீவு போட்டாலும் போன்ல பேசியே தமிழ் அடிச்சுரலாம். இந்த வேலைய கோடைல கூட்டம் இல்லாதப்ப தினம் பத்துப் பக்கம்னு வச்சுக்குங்க.

கேள்வி (ஊட்டிலேருந்து ஒரு வாசகர்): நானும் என் தம்பியும் மட்டும்தான் ஆபீஸ், ஒரே ஒரு ஜீப், மத்ததெல்லாம் கமிஷன். இதுக்கெல்லாம் காசு போட வசதி இல்ல. இலவசத்துலயே ஒப்பேத்த முடியுமா?

பதில்: ஒப்பேத்தறது என்ன, நல்லாவே ஓட்டலாம். லெட்டரு, கணக்குக்கு லிப்ரெ ஆபீஸ் போட்டுக்குங்க, 2010லேருந்து வருது, காசே கெடையாது, தொழிலுக்குத் தாராளமா பயன்படுத்தலாம். பார்ட்டி அனுப்புற எக்ஸல் பைலும் திறக்கும், ரொம்ப அலங்காரமா இருந்தா கொஞ்சம் கோணும். புக்கிங்குக்கு கூகுள் ஷீட், கேலண்டர். 15 ஜிபி சும்மா தர்றாங்க, ரெண்டு பேருக்கு ரொம்ப நாள் வரும். வாட்ஸ்அப் பிசினஸ்ல அடிக்கடி கேக்குற கேள்விக்கு ரெடி பதில் வச்சுக்கலாம், அதே நம்பர நாலு கருவி வரைக்கும் சேத்துக்கலாம், தம்பியும் பதில் சொல்வாரு.

ஒரு எச்சரிக்கை. ஆபீஸுக்குன்னு தனி ஜிமெயில் திறங்க, உங்களோடதும் வேண்டாம், தம்பியோடதும் வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீஸ்ல பில்லிங் பையன் தன்னோட சொந்தக் கணக்குல ஷீட் போட்டு வச்சிருந்தான், அவன் வேலைய விட்டுப் போனப்ப மூணு சீசன் பார்ட்டி லிஸ்ட்டும் கூடவே போயிருச்சு. ரெண்டடுக்கு பாஸ்வேர்டும் (பாஸ்வேர்டோட போன் வழியாவும் ஒரு தடவ உறுதி கேக்குறது) போட்டுருங்க.

உங்க ஊருக்குன்னு இன்னொண்ணு. 2024 மே 7லேருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இபாஸ் வந்திருச்சு, 2025 ஏப்ரல்ல ஊட்டிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000ன்னு கட்டுப்பாடும் வந்துச்சு. ஷீட்டுல வண்டி நம்பருக்குப் பக்கத்துலயே இபாஸ் எடுத்தாச்சான்னு ஒரு கட்டம் போடுங்க, எடுக்காத கட்டம் தானா சிவப்பாகுற மாதிரி வைக்கலாம், அஞ்சு நிமிஷ வேல. கல்லாறு செக்போஸ்ட்டுல நின்னுக்கிட்டு பார்ட்டி உங்களத் திட்டுறது இருக்காது.

கேள்வி (தஞ்சாவூர்லேருந்து): தம்பி, எனக்கு 61 வயசு. ஒரு டூர் ஆபீஸ்ல 22 வருஷமா கணக்கு பாக்குறேன், எல்லாம் நீள நோட்டுலதான். முதலாளியோட பொண்ணு இப்ப கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் மாத்துது. ரெண்டு நாள் வகுப்பு எடுத்தாங்க, பாதி புரியல. எல்லாம் மெஷினே பாத்துக்கும்னா எனக்கு அங்க என்ன வேல?

பதில்: ஐயா, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். ரெண்டு நாள் வகுப்புல புரியலன்னா வகுப்பு எடுத்தவங்க மேலதான் தப்பு.

மெஷின் பாத்துக்காதுங்கய்யா. ஒரு உதாரணம் சொல்றேன், நாளைக்கே ஆபீஸ்ல செஞ்சு பாருங்க. புதுசா வாங்கின கம்ப்யூட்டர்ல நாடு எதுன்னு அமெரிக்காவாவே விட்டிருப்பாங்க. அங்க மாசம் மொதல்ல, தேதி அப்புறம். நீங்க 05/04னு அடிச்சா அது ஏப்ரல் 5னு எடுத்துக்காது, மே 4ன்னு எடுத்துக்கும், ஒரு வார்த்தை சொல்லாது. வருஷத்தையும் சேத்து 25/04/2025னு அடிச்சா 25ஆவது மாசம் இல்லாததால அத தேதின்னே ஒத்துக்காம வெறும் எழுத்தா வச்சுக்கும். கட்டத்துல பாத்தா ஒண்ணு வலது ஓரமா ஒட்டி நிக்கும், ஒண்ணு இடது ஓரமா நிக்கும். ஓரம் ஒழுங்கா இல்லாத தேதி வரிசைய நோட்டுல கோடு போட்டுப் பழகின கண்ணு ஒரு நொடில பிடிக்கும், சின்னப் பசங்களுக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் பொண்ணுகிட்ட கம்ப்யூட்டர்ல இந்தியான்னு மாத்தச் சொல்லுங்க, ஒரு மதிப்பு வரும் பாருங்க.

இன்னொண்ணு, ஓட்டல்காரங்க பேங்க் கணக்கு நம்பர் 16 இலக்கம் இருந்தா எக்ஸல் கடைசி இலக்கத்த சத்தமில்லாம சைபர் ஆக்கிரும், அதுக்கு 15 வரைக்கும்தான் தெரியும். நம்பர் அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கட்டத்த எழுத்துன்னு மாத்தி வைக்கணும். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி பாஸ்புக்கோட ஒப்பிட்டுப் பாக்க உங்கள மாதிரி ஒரு ஆள் கண்டிப்பா வேணும்.

உங்க நோட்டுல ஓரமா பென்சில்ல எழுதியிருப்பீங்கள்ல, "இந்தப் பார்ட்டி அட்வான்ஸ் லேட்", "அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டாங்க", "போன தடவ இந்த டிரைவர் வேண்டாம்னாங்க". அத யாரும் புது ஷீட்டுல ஏத்தியிருக்க மாட்டாங்க. குறிப்புன்னு ஒரு கட்டம் சேக்கச் சொல்லி, நீங்க சொல்ல அந்தப் பொண்ணு அடிக்கட்டும், தினம் அரை மணி நேரம். அது கூடவே உக்காந்திருந்தா உங்களுக்கும் கம்ப்யூட்டர் தானா வந்துரும், எங்க அப்பாவுக்கு டைப்பிங்கே அப்படித்தான் வந்துச்சு. ஜிஎஸ்டி தேதியும் உங்க தலைலதான் இருக்கும், மாசாமாசம் ரிட்டர்ன் போடுறதா இருந்தா ஜிஎஸ்டிஆர் 1க்கு 11ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி, அத கேலண்டர்ல ரெண்டு நாள் முன்னாடியே மணி அடிக்கிற மாதிரி போடச் சொல்லுங்க. நோட்ட மட்டும் இப்போதைக்கு எடைக்குப் போட விட்டுராதீங்க.

கேள்வி (நாகப்பட்டினத்துலேருந்து ஒரு வாசகர்): வேளாங்கண்ணி சீசன்ல நாங்க பஸ் விடுறோம். எல்லாத்தையும் கிளவுட்ல, அதாவது நெட் வழியா வேற எங்கயோ இருக்கிற கம்ப்யூட்டர்ல போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க ஊர்ல புயல் வந்தா கரன்ட்டே இருக்காது, கிளவுட் எங்கேருந்து வரும்?

பதில்: நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்ப உங்க பக்கம் நாள் கணக்குல கரன்ட் இல்ல, டவர் இல்ல. ஆனா அதே புயல்ல தண்ணி பூந்த ஆபீஸ்ல டேபிளுக்குக் கீழ இருந்த கம்ப்யூட்டரும் நோட்டும் என்ன ஆச்சுன்னும் யோசிங்க. தூரத்துல ஒரு காப்பி இருந்தா கரன்ட் வந்த அன்னைக்கு எல்லாம் திரும்பக் கெடைக்கும்.

ஆனா கிளவுட்ல இருக்குன்னு அதையே ஒரே காப்பின்னு நம்பாதீங்க, இங்க அழிச்சா அங்கயும் அழியும். கூகுள் டிரைவ்ல குப்பைக்குப் போனது 30 நாள்தான் இருக்கும், அப்புறம் காலி. சனிக்கிழம சாயந்திரம் ஒரு பென்டிரைவ்ல புக்கிங் ஷீட்டும் கணக்கும் எறக்கி அத ஆபீஸ்ல வைக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஷீட்ட நெட் இல்லாமலும் திறக்குற மாதிரி ஒரு மெஷின்ல முன்கூட்டியே செட் பண்ணி வைக்கலாம், நெட் வந்ததும் அதுவே சேத்துக்கும்.

ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துலேருந்து செப்டம்பர் 8 வரைக்கும் மட்டும் நான் ஒரு பழைய வழக்கத்த விடச் சொல்ல மாட்டேன். ராத்திரி ஆபீஸ் பூட்டுறதுக்கு முன்னாடி அடுத்த ரெண்டு நாள் ட்ரிப் ஷீட்ட பேப்பர்ல பிரின்ட் எடுங்க, பஸ் நம்பர், டிரைவர் போன், ஏறுற எடம், எத்தன சீட்டு, பாக்கி எவ்ளோ. ஒண்ணு டிரைவர் கைல, ஒண்ணு உங்க சட்டப் பைல. பிரின்ட் மேல எத்தன மணிக்கு எடுத்ததுன்னு போட்டுக்குங்க, இல்லன்னா காலைல ரெண்டு பேப்பர்ல எது பைனல்னு மறுபடியும் ஆரம்பிச்சிரும்.